எல்லோரிடமும் கேட்கிற கேள்வி

பிப்ரவரி 3

நான் குடிப்பேனா என்று இன்று ஒரு டாக்டர் என்னிடம் கேட்டாள்.

எழுதாமல் படுத்தால் உறக்கம் வராது. எழுதினாலும் வராது, அது வேறு விஷயம். உறக்கம் வரவில்லை என்று சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்கே போனேன். நெஞ்செரிச்சல். விடியும் முன்னே திடுக்கென்று விழிப்பு, உடம்பெல்லாம் வியர்வை. காலையில் கை லேசாக நடுங்குகிறது. ஏழு மாதப் பிள்ளையை வைத்திருப்பவளுக்கு இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்?

டாக்டர் பெயர் முபீனா. என்னைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள். பிரஷர் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கூடுதல் என்றாள். ரத்தம் எடுக்க எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்.

"மது ஏதாவது எடுப்பீங்களா?"

"யாரு, எங்க வீட்டுக்காரரா?"

"இல்ல. நீங்க."

மடியில் ஹன்னா. கழுத்தில் சிலுவை. கையில் சர்ச் பெண்கள் ஐக்கியத்தின் பை. இந்தக் கோலத்தில் இருப்பவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

"டாக்டர், எங்க மாமனார் சர்ச்ல மதுவிலக்குச் சங்கம் தொடங்கினவரு. இப்போ எங்க வீட்டுக்காரருதான் அதுக்குச் செயலாளர். நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல."

"தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார்ட்டயும் கேக்குற கேள்விதான்."

எல்லாரிடமும் கேட்பாளாம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கன்னியாஸ்திரி போனார். அவரிடமும் கேட்டாளா?

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். மாமி என்றால் என் வீட்டுக்காரர் ஜெறினுடைய அம்மா. கேட்டதும் அவருக்கு என்னைவிடக் கோபம்.

"அவளுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு. நீ அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் இனி போகண்டாம். மொகமெல்லாம் வாடிக் கெடக்கு பாரு. ரெண்டு மூடி அரிஷ்டம் குடிச்சிட்டு செத்த நேரம் கெட மக்கா."

குடித்தேன். சூடு வயிற்றில் இறங்கியதும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 6

ரிப்போர்ட் வந்தது. கல்லீரல் சம்பந்தமான ஒரு எண் கூடுதலாம். ரத்த அணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பருமனாக இருக்கின்றனவாம். பிள்ளை பெற்றபின் நானே பருமன்தான், அணுக்கள் மட்டும் மெலிந்தா இருக்கும்? இந்தப் பகடியை அங்கே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இன்றைக்கு முபீனா அதே கேள்விக்கு வேறு விதமாகச் சுற்றிவந்தாள்.

"குறைச்சுக்கலாம்னு எப்பவாவது தோணியிருக்கா? யாராவது அதைப் பத்திப் பேசினா எரிச்சல் வருமா? அப்புறம் மனசு உறுத்துமா? காலையில எழுந்ததும் அது வேணும்போல இருக்குமா?"

"எது?"

"எதுவானாலும். சாராயம், பிராந்தின்னு இல்ல. டானிக், நாட்டு மருந்து, தூங்குறதுக்கு எடுக்கிறது..."

எரிச்சல் வருமா என்ற கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லலாம். அவளைப் பார்த்தாலே வருகிறது.

அரிஷ்டம் சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். மறைக்க என்ன இருக்கிறது? பிள்ளை பெற்ற பெண்ணுக்கு அரிஷ்டம் கொடுப்பது எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். வேர்களைக் காய்ச்சி, வெல்லம் போட்டு, புளிக்க வைத்து எடுக்கிற மருந்து. வயிற்றுப் புண் ஆறும், பால் ஊறும், இடுப்புக்குப் பலம். வைத்தியர் மூன்று மாதம் போதும் என்றார். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மாமி சொன்னார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"புளிக்கும்போது அதுல ஆல்கஹால் தானா உண்டாகும், தெரியும்ல? அளவா எடுத்தா பரவாயில்ல. நீங்க எவ்வளவு எடுக்கிறீங்க?"

"ரெண்டு மூடி."

பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியைத்தான் சொன்னேன். அந்த மூடி தொலைந்து நாளாகிவிட்டது, இப்போது டம்ளர்தான் என்பதை அவளிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. டம்ளரும் ஒரு அளவுதான்.

பிறகு ஹன்னாவைப் பார்த்தாள். "பாப்பா நல்லாத் தூங்குதா?"

"ரொம்ப நல்லா. எங்க தெருவிலேயே இவ்வளவு சமத்தா உறங்குற பிள்ளை கிடையாது."

நான் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஹன்னாவை எடைபோடச் சொன்னாள். தடுப்பூசி அட்டையில் எடைக் கோடு ஏறி வந்து, இரண்டு மாதமாகப் படுத்துக் கிடக்கிறது. அதன் மேல் பேனா முனையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "பால் குடுத்துட்டு அரிஷ்டம் எடுப்பீங்களா, எடுத்துட்டுப் பால் குடுப்பீங்களா?"

எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஜெறின் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் ஒரு ஞாயிறு, மதுவிலக்கு ஞாயிறு. சபையார் எல்லோரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். ஒருவர் முன்னால் நின்று வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"இந்த வருஷம் நீ வாசி பிரிசி. எம்.எஸ்சி. படிச்ச டீச்சர், உச்சரிப்பு சுத்தமா இருக்கும். குடிகாரங்க வீட்டுப் பெண்ணுங்களும் வருவாங்க. நம்ம வீட்டுலேருந்து ஒரு பெண்ணு வாசிச்சா அதுக்கு ஒரு மதிப்பு."

ஜெறின் சொன்னால் சொன்னதுதான். சொட்டு தொட்டதில்லை. கல்யாண வீட்டில் பிராந்தி வாசனை வந்தால் சாப்பிடாமல் எழுந்து வருகிற ஆள். சரி என்றேன். அந்த முபீனா வந்து முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.

பிப்ரவரி 14

வடசேரியில் ஒரு வைத்தியசாலை இருக்கிறது. அங்கே அரிஷ்டம் புதுச் சரக்காகக் கிடைக்கிறது. இனி அங்கேதான். நம் தெருமுனைக் கடைக்காரர் தேவையில்லாமல் பேசுகிறார்: "இப்பதானே கொண்டு போனீங்க டீச்சர்?"

பிப்ரவரி 19

மாமி பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம் சோறு வடித்து, மீன் குழம்பு இறக்கி, ஹன்னாவின் துணிகளைத் துவைத்துப் போட்டு, ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கண் அசந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஜன்னலைத் தட்டித்தான் எழுப்பினார்.

"பிள்ள கெடந்து கரையுகு. எவ்வளவு நேரமாட்டு பெல் அடிக்கேன். ஒனக்குக் காதுல விழலியா?"

மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.

ஹன்னாவின் முகம் அழுது சிவந்து, தொண்டை கட்டிப்போயிருந்தது. தூக்கியதும் என் தோளில் முகத்தை வைத்து விக்கிக்கொண்டே இருந்தாள். அக்கா போகாமல் வாசலிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்வை அது? அவர் வீட்டில் நாலு பேர் வேலைக்கு இருக்கிறார்கள். ஒற்றை ஆளாகப் பிள்ளை பார்ப்பது என்னவென்று அவருக்கு என்ன தெரியும்?

மின்விசிறிக்கு எண்ணெய் போட வேண்டும். ஜெறினிடம் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 20

மின்விசிறியில் சத்தமே இல்லையே என்கிறார் ஜெறின்.

பிப்ரவரி 25

ஒரு விஷயம் புரியவில்லை. சமையலறை அலமாரியில் இருக்கிற பாட்டிலில் நேற்றுப் பாதி விட்டு வைத்தேன். நன்றாக நினைவிருக்கிறது. இன்று பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் கிடக்கிறது. எறும்பு இவ்வளவு குடிக்காது. ஒருவேளை நான்தான் மறந்து எடுத்தேனா? இல்லை. எனக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்வதில்லை.

மாமிக்குத் தெரிவதற்கு முன் புதுப் பாட்டில் வைத்துவிட்டேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து தொடங்கிவிட்டது. மாமி மீனையும் இறைச்சியையும் நிறுத்திவிட்டார். ஜெறின் காப்பியை விட்டிருக்கிறார். நீ எதை விடப்போகிறாய் என்று கேட்டார்கள். அரிஷ்டத்தை என்றேன்.

"மருந்தைப் போய் ஆராவது விடுவாவளா? வேற எதையாவது விடு," என்றார் மாமி. அவருக்கு அது பிடிக்கவில்லை.

நான் விட்டுத்தான் காட்டப்போகிறேன். கணக்கு டீச்சருக்கு நிரூபிக்கச் சொல்லித்தர வேண்டாம். நான் சொல்வது இது: அது வெறும் மருந்து, அது இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஈஸ்டர் வரை தொடாமல் இருந்துவிட்டு, ரத்தம் பார்த்துப் புது ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் அந்த முபீனாவின் மேஜை மேல் போடுவேன்.

மார்ச் 6

கடுமையான வெயில். இரண்டு தடவை சட்டை மாற்றினேன், அவ்வளவு வியர்வை. ஹன்னா ஏதோ சொன்னதற்குச் சிரிக்க முடியவில்லை. எட்டு மாதப் பிள்ளை என்ன சொல்லியிருக்கும்? சொன்னது போலத்தான் கேட்டது.

மார்ச் 7

இதை நேராக எழுதுகிறேன்.

காலையில் ஹன்னாவைக் குளிப்பாட்டித் துவட்டி, சட்டை போட்டுவிட உட்கார்ந்தேன். முதுகில் மூன்று பொத்தான் உள்ள மஞ்சள் சட்டை. முதல் பொத்தான் துளைக்குள் போகவில்லை. கையைப் பார்த்தேன். என் கை மாதிரி இல்லை. விரல்கள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. மறுபடி முயன்றேன். ஹன்னா விளையாட்டு என்று நினைத்து நெளிந்து சிரித்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. குமட்டியது. பிள்ளையைத் தரையில் பாயில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்துவிட்டேன். தூக்கினால் கீழே போட்டுவிடுவேன் என்று பயம்.

மாமி வந்து பார்த்தார். நெற்றியைத் தொட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய் டம்ளர் நிறைய அரிஷ்டம் கொண்டுவந்தார். மூடி எங்கே என்று அவர் தேடவும் இல்லை.

"நோம்பு எல்லாம் கர்த்தர் பொறுப்பாரு. பிள்ளைக்காரி நீ. குடி."

"வேண்டாம் மாமி."

"குடிச்சா இப்ப செரியாவும். எனக்குத் தெரியும்."

குடித்தேன்.

சரியாகிவிட்டது. மாமி சொன்னபடியே, அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவதற்குள். கையை நீட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் வட்டம் போட்டால் கோணாமல் வரும், அப்படி நின்றுவிட்டது. மூன்று பொத்தான்களையும் போட்டேன்.

பத்தாம் வகுப்புக்கு இதை எத்தனை தடவை நடத்தியிருக்கிறேன். நிரூபிக்க வேண்டியதற்கு நேர் எதிரானதை உண்மை என்று வைத்துக்கொண்டு தொடங்கு, படிப்படியாகப் போ, எங்கே முட்டுகிறதோ அங்கே நில். முட்டினால், நீ உண்மை என்று வைத்துக்கொண்டது பொய். நடுவில் எந்தப் படியையும் அழிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்வேன்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுத முடியாது.

மார்ச் 8

ஜெறினிடம் பாதி சொன்னேன். கை நடுங்கியது, ரிப்போர்ட் இப்படி இருக்கிறது, அந்த டாக்டர் இப்படிக் கேட்டாள் என்கிற பாதியை. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ரத்தம் மாறிப்போயிருக்கும். வேற எவனுக்க ரிப்போர்ட்டோ." உடனே அவர்களுடைய குடும்ப டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஜெறினுக்குச் சின்ன வயதில் ஊசி போட்டவர். ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு இடத்தில் அவர் கண் நின்றது. நான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜெறினைப் பார்த்தார்.

"ஏண்டே, நீ குடிப்பியா?"

ஜெறின் திகைத்துப்போனார். "நானா? அங்கிள், நான் மதுவிலக்குச் சங்கச் செயலாளர்."

"தெரியும். ஒரு பேச்சுக்குக் கேட்டேன். பிறகென்ன, ஒனக்க பெண்டாட்டிக்கு ரத்தக் குறைவு, உறக்கக் குறைவு. சத்து மாத்திரை எழுதுறேன். பழையபடி அரிஷ்டம் குடும்மா. நல்லதுதான்."

என் கல்லீரலைப் பற்றி என் புருஷனிடம் கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் ஜெறினுக்குச் சந்தோஷம். ஹன்னாவுக்குத் தொப்பி வாங்கினார், எனக்கு அல்வா வாங்கினார். நான் ஜெயித்துவிட்டேன். அல்வாவைப் பிரிக்காமலே மாமியிடம் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 13

தடுப்பூசிக்குப் போனேன். எடைக் கோடு இந்த மாதம் படுத்துக்கூடக் கிடக்கவில்லை. இறங்கியிருக்கிறது.

நர்ஸ் ஹன்னாவின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "நல்லா உறங்குற பிள்ளையா?" என்றாள்.

மார்ச் 15

ஜெறின் உறுதிமொழித் தாளை எடுத்து வந்து, நாளைக்காக இப்போதே ஒருமுறை வாசித்துப் பார் என்றார்.

"நான் வாசிக்கல."

"ஏன், தொண்டை சரியில்லையா?"

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. வாசிச்சா பொய் ஆயிரும்."

மீதிப் பாதியைச் சொன்னேன். டம்ளர், வடசேரி, பொத்தான், மின்விசிறி எல்லாம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அடுத்த அறையில் அவர் அம்மா இருக்கிறார்.

"அரிஷ்டம் எல்லாம் குடியா பிரிசி? அது மருந்து."

"மருந்தை அரிசிப் பானைக்குப் பின்னால ஒளிச்சு வச்சு ஆராவது குடிப்பாங்களா?"

"செரி, விட்டிரு. இன்னையோட விட்டிரு. யார்ட்டயும் சொல்லண்டாம். நாளைக்குத் தலைவலின்னு சொல்லு, நானே வாசிக்கேன்."

"விட்டுப் பாத்தாச்சு. விட முடியல. அதுதான் விஷயம்."

"சபையில தெரிஞ்சா எனக்க நிலைமை என்னவாகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். ஹன்னாவுக்க எடை என்னவாகும்னும் யோசிச்சேன். நீங்க எதையாவது ஒண்ணை வச்சுக்கோங்க."

நான் இப்படிப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அவர் தூங்குகிற ஹன்னாவைத் தூக்கினார். அவள் விழிக்கவில்லை. கன்னத்தைத் தட்டினார், காலைத் தடவினார். அவள் கண்ணைத் திறந்து அழத் தொடங்கும் வரை தட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 16, மதுவிலக்கு ஞாயிறு

ஜெறின்தான் வாசித்தார். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் வாசித்தார். அப்படி அவர் தடுமாறியதே இல்லை.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் ஹன்னாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலைவலி என்று யாரிடமும் சொல்லவில்லை. முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நிற்காமல் இருப்பதற்கு நிற்பதைவிடக் கால்பலம் வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் மாமி எழுந்து நின்றார். "இதுமுதல் நான்" என்று எல்லோரும் சொல்லத் தொடங்கியதும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"முட்டு வலிக்குகு," என்றார், நான் கேட்காமலே.

மார்ச் 17

காலையில் ஜெறின் ஆபீசுக்குப் போகும் முன், ஆஸ்பத்திரிக்குக் கூட வரட்டுமா என்று கேட்டார். அவர் குரலில் வேண்டாம் என்று சொல்லிவிடு என்பதுதான் கூடுதலாக இருந்தது. வேண்டாம் என்றேன். மாமி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "பிள்ளையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்லா," என்றார்.

டாக்டர் முபீனா என்னை மறந்திருக்கவில்லை. எழுந்து போனதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து டம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"மூடி இல்ல டாக்டர். இது. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி பாட்டிலோட. குறைக்கணும்னு தோணியிருக்கு. எரிச்சல் வரும். உறுத்தும். காலையில எழுந்ததும் வேணும். நாலுக்கும் ஆமாதான். நோன்புக்கு ரெண்டு நாள் நானா நிறுத்திப் பாத்தேன், முடியல."

அவர் டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். தாளில் ஏதோ எழுதினார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. இத ஒரேயடியா நிறுத்தக் கூடாது. அன்னைக்கு நீங்க தனியா நிறுத்தினதுதான் ஆபத்து, வலிப்புகூட வந்திருக்கும். கொஞ்ச நாள் இங்க படுத்து, மாத்திரையோட இறக்குவோம். உங்க பால் வழியா அவளுக்கும் அது போகுது, அதனாலதான் அந்த உறக்கம். அதுவரைக்கும் பாப்பாவுக்கு மாவுப்பால். அவ எடை ஏறிரும். சீக்கிரமாவே வந்துட்டீங்க."

"சீக்கிரமா?"

"இங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் கண்ணு மஞ்சளானதுக்கு அப்புறம்தான் வர்றாங்க. பொம்பளைங்க அப்பவும் வர்றதில்ல. அவங்களை யாரும் கேக்கறதே இல்ல."

"நோயோட பேரை என்னன்னு எழுதுவீங்க?"

"என்னன்னு எழுதட்டும்? அசிடிட்டின்னு வேணும்னா..."

"வேண்டாம். உள்ளதையே எழுதுங்க."

எழுதினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்த அளவு பெரிய வார்த்தை இல்லை. தாளில் ஒரு வரிகூட நிறையவில்லை.

டம்ளரைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தேன். ஹன்னா பெஞ்சில் மாமியின் சேலை முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். மாமியின் மறு கையில் ஒரு டோக்கன் இருந்தது. என் பெயருக்குத்தான் இன்னொன்று எடுத்திருக்கிறாரோ என்று பார்த்தேன். ரூபி தங்கப்பன் என்று அவர் பெயர்.

"முட்டு வலிக்கு," என்றார். "சும்மா ஒண்ணு காட்டிட்டுப் போவோம்னு."

அரிசிப் பானைக்குப் பின்னால் நான் ஒளித்த பாட்டில், வைத்த இடத்திலிருந்து நகர்ந்திருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அலமாரிப் பாட்டில் தானாகக் குறைந்திருந்த அன்றும். குடிச்சா சரியாகும், எனக்குத் தெரியும் என்று அவர் சொன்னதும். ஜெறினுக்கு வயது முப்பத்தி நாலு. அவரைப் பெற்றபோது மாமிக்கும் யாரோ முதல் மூடியை ஊற்றிக் கொடுத்திருப்பார்கள்.

நான் ஹன்னாவை வாங்கிக்கொண்டேன். நர்ஸ் மாமியின் பெயரைக் கூப்பிட்டாள். மாமி எழுந்து, பெஞ்சைப் பிடிக்காமலே நின்றார்.

"உள்ள போனா முட்டுக்கு முன்னால வேற ஒண்ணு கேப்பாங்க மாமி," என்றேன். "எல்லார்ட்டயும் கேப்பாங்க."

"ஒன்னிய மாதிரி டம்ளரை வைக்கணுமா?"

"வேண்டாம். சொன்னா போதும்."

மாமி கதவு வரை போய்த் திரும்பி வந்தார். தன் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு உள்ளே போனார். பை கனத்தது. உள்ளே கண்ணாடி இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. நான் திறந்து பார்க்கவில்லை.